மேற்கோள் கணக்கும் எல்லைச் சாலையும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நாகர்கோவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து, களியக்காவிளையில் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தென் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தைப் பிரித்தது. மக்களின் நடமாட்டமோ முன்போலவே தொடர்ந்தது. பாறசாலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் பேசப்படுவது இன்றும் சாதாரணம். வேலைக்கும் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் திருவனந்தபுரம் செல்வோர், காய்கறியும் மீனும் ஏற்றிவரும் குமரி மாவட்ட வணிகர், இரு மாநிலத்துப் போக்குவரத்துக் கழகங்களின் பஸ்கள், சரக்கு லாரிகள், ஆட்டோக்கள், இருசக்கர வாகனங்கள், நடந்து செல்வோர் எனப் பலரும் இந்த ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொள்கின்றனர்.

முன்னர் 47ஆம் எண்ணும் 2010க்குப் பின் 66ஆம் எண்ணும் பெற்ற தேசிய நெடுஞ்சாலை இது. 1979இல் திருவனந்தபுரம்-நாகர்கோவில் ரயில் பாதை திறக்கப்பட்டதும், 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது அமரவிளை வணிகவரிச் சோதனைச் சாவடியின் பணி முடிவுக்கு வந்ததும் இப்பகுதியின் போக்குவரத்து வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சிகள். சாவடி போன பின்னரும் நெரிசல் போகவில்லை. சாலையோரக் கடைகள், வளைவுகள், ஒன்றையொன்று நெருங்கி வரும் சந்திப்புகள் ஆகியவை வாகனத்தின் வேகத்தை நிர்ணயிக்கின்றன.

இத்தகைய சாலைக்கு அறிவியல் என்ன செய்ய முடியும் என்பதற்கு இன்று தரப்படும் விடை, நுண்ணறிவுப் போக்குவரத்து முறைகள் என்பதாகும். சாலையிலும் வாகனத்திலும் உணர்கருவிகளைப் பொருத்தி, அவை தரும் தகவலைக் கணிப்பொறியில் இட்டு, சிக்னலின் நேரத்தை மாற்றுவது, பஸ் எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்வது, விதி மீறுவோரைக் கண்டறிவது, விபத்து நிகழ்ந்தவுடன் உதவி அனுப்புவது ஆகியன இதில் அடங்கும். இந்திய மக்களுக்கு இதன் சில வடிவங்கள் பழக்கமானவையே. சுங்கச் சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட பாஸ்டேக் ஒட்டுவில்லை ஒன்று. 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் பதிவாகும் பயணிகள் பொதுச் சேவை வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர உதவிப் பொத்தானும் வேண்டும் என்ற விதி மற்றொன்று. கேரளத்தில் 2023 ஜூன் 5ஆம் நாள் முதல் அபராதம் விதிக்கத் தொடங்கிய 726 கண்காணிப்புக் கேமராக்கள் மூன்றாவது.

இவற்றின் பின்னணியில் ஆராய்ச்சி இருக்கிறது; ஆராய்ச்சியின் பின்னணியில் பெரும்பாலும் அரசுப் பணம் இருக்கிறது. 2020-21இல் இந்தியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தையே ஆய்வுக்கும் வளர்ச்சிப் பணிக்கும் செலவிட்டது. குறைந்த பணத்தைப் பங்கிடும்போது, எந்த நிறுவனம் எவ்வளவு ஆய்வு செய்தது, அந்த ஆய்வு யாருக்குப் பயன்பட்டது என்று கேட்பது அரசின் கடமை. முதற்கேள்வி உற்பத்தித்திறனைப் பற்றியது. இரண்டாவது, செல்வாக்கைப் பற்றியது. இரண்டுக்கும் இன்று எண்களில் விடை தரப்படுகிறது. அந்த எண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை அறியாமல் அவற்றைக் கோப்பில் எழுதுவது, விலைக் குறியீட்டெண்ணின் கூடையில் என்ன பொருள்கள் உள்ளன என்று பாராமல் அகவிலைப்படியை நிர்ணயிப்பதைப் போன்றது.

எண்ணும் கலையின் வரலாறு

ஆய்வை எண்ணும் முயற்சி புதிதன்று. 1926இல் ஆல்பிரட் லோட்கா என்ற அமெரிக்கக் கணித அறிஞர், வேதியியல், இயற்பியல் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியல்களை ஆராய்ந்து ஓர் ஒழுங்கைக் கண்டார். ஒரே ஒரு கட்டுரை எழுதியவர் 100 பேர் என்றால், இரண்டு எழுதியவர் ஏறத்தாழ 25 பேர், மூன்று எழுதியவர் ஏறத்தாழ 11 பேர் மட்டுமே. சிலரே பெரும்பகுதியை எழுதுகின்றனர் என்பது இதன் பொருள். ஆகவே ஒரு துறையின் "சராசரி ஆராய்ச்சியாளர்" என்பவர் காகிதத்தில் மட்டுமே இருப்பவர்.

இத்துறைக்குத் தமிழ்நாட்டின் பங்கும் உண்டு. சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராகப் பணியாற்றி, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகப் பணிகளுக்குப் புள்ளியியலைப் பயன்படுத்தும் முறைக்கு 1948இல் இங்கிலாந்தில் நடந்த மாநாடு ஒன்றில் லைப்ராமெட்ரி என்று பெயர் சூட்டினார். பிப்ளியோமெட்ரிக்ஸ் என்ற சொல் 1969இல்தான் ஆலன் பிரிட்சார்டால் வழக்குக்கு வந்தது.

எனினும் எண்ணுவதை ஒரு தொழிலாக்கியவர் யூஜின் கார்பீல்டு. அமெரிக்க வழக்கறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஒரு தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகளில் எவை எடுத்துக்காட்டின என்று காட்டும் அட்டவணையைப் பயன்படுத்தி வந்தனர். ஒரு தீர்ப்பு இன்னும் செல்லுமா என்று அறிய அது உதவியது. அதே முறையை அறிவியல் கட்டுரைகளுக்குப் பயன்படுத்தலாம் என்று கார்பீல்டு 1955இல் எழுதினார். 1964இல் அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை முறையாக வெளிவரத் தொடங்கியது. தேடுவதற்காகப் பிறந்த கருவி மெல்ல மதிப்பெண் போடும் கருவியாயிற்று. 1975இல் இதழ்களைத் தரவரிசைப்படுத்தும் வெளியீடு வந்தது. 2004இல் ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் ஆகிய இரண்டும் வந்தபின், எந்த அலுவலரும் தம் மேசையிலிருந்தே ஒரு பேராசிரியரை எண்ணிவிடலாம் என்ற நிலை ஏற்பட்டது.

கணக்கு போடும் முறை

முதலில் உற்பத்தித்திறன். ஒரு கட்டுரையை மூவர் எழுதினர். அவர்களில் இருவர் ஒரு நிறுவனத்தையும் ஒருவர் மற்றொரு நிறுவனத்தையும் சேர்ந்தவர்கள் என்று கொள்வோம். முழுக் கணக்கில் இரு நிறுவனங்களுக்கும் ஒவ்வொரு கட்டுரை வரவு வைக்கப்படும். கட்டுரை ஒன்று, வரவோ இரண்டு. பின்னக் கணக்கில் முதல் நிறுவனத்துக்கு மூன்றில் இரண்டும், மற்றதற்கு மூன்றில் ஒன்றும் சேரும். தனியொருவர் எழுதும் துறைகளில் இவ்வேறுபாடு சிறிது. கட்டுமானப் பொறியாளர், மின்னணுப் பொறியாளர், கணிப்பொறி வல்லுநர் எனப் பலர் கூடிச் செய்யும் போக்குவரத்து ஆய்வில் இது பெரிது. ஒரே நிறுவனம் முழுக் கணக்கில் முன்னேறி, பின்னக் கணக்கில் பின்தங்க முடியும். தரவரிசை அறிக்கையைப் படிப்பவர் முதலில் தேட வேண்டியது எந்தக் கணக்கு பயன்பட்டது என்ற அடிக்குறிப்பையே.

அடுத்தது செல்வாக்கு. 2005இல் இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் முன்மொழிந்த எச் குறியெண் இன்று மிகுதியாகப் பயன்படுகிறது. ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்கு வரிசையில் அடுக்க வேண்டும். வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள் பெற்ற கடைசிக் கட்டுரையின் வரிசை எண்ணே குறியெண். கற்பனையாக இருவரை எடுத்துக்கொள்ளலாம். முதல்வர் பத்துக் கட்டுரைகள் எழுதி, அவை முறையே 25, 18, 12, 9, 7, 6, 6, 3, 1, 0 மேற்கோள்கள் பெற்றன. ஆறாவது கட்டுரைக்கு 6 மேற்கோள். ஏழாவதுக்கும் 6 தான். எனவே குறியெண் 6. மற்றவர் நான்கே கட்டுரைகள் எழுதினார். அவை 300, 120, 40, 15 மேற்கோள்கள் பெற்றன. அவருடைய குறியெண் 4. முதல்வரின் மொத்த மேற்கோள் 87, இரண்டாமவருடையது 475. குறியெண்ணை மட்டும் பார்க்கும் தேர்வுக்குழு முதல்வரையே தேர்ந்தெடுக்கும். அது தவறு என்று சொல்வதற்கில்லை. ஆனால் குழு எதைத் தேர்ந்தெடுத்தது என்பதை அது அறிந்திருக்க வேண்டும்.

இதழின் தாக்க எண் மூன்றாவது அளவை. ஓர் இதழ் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளில் 400 கட்டுரைகள் வெளியிட்டு, அவற்றுக்கு 2024இல் 2,400 மேற்கோள்கள் கிடைத்தால் அதன் 2024ஆம் ஆண்டுத் தாக்க எண் 6. இது இதழின் சராசரி. அவ்விதழின் சில கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் மேற்கோள் பெற, பல கட்டுரைகள் ஒன்றிரண்டோடு நிற்கும். ஆகையால், இந்த இதழில் எழுதினார் என்பதால் இவர் கட்டுரையின் மதிப்பு 6 என்று எழுதுவது பிழையான கணக்கு. மேலும் இரண்டாண்டு என்ற காலவரம்பு கணிப்பொறித் துறைக்கு ஒத்துவரும். ஒரு சாலைத் திட்டம் ஆய்விலிருந்து ஒப்பந்தப்புள்ளிக்கு வரவே அதைவிட நீண்ட காலம் பிடிக்கும்.

துறையின் வேலி எங்கே?

மேற்கண்ட கணக்குகளுக்கெல்லாம் முந்திய ஒரு சிக்கல் உண்டு. நுண்ணறிவுப் போக்குவரத்து முறைகள் என்ற துறை எது? 1993இல் டிரான்ஸ்போர்ட்டேஷன் ரிசர்ச் இதழின் சி பகுதி தொடங்கியது. 1994இல் பாரிசில் இத்துறையின் முதல் உலக மாநாடு கூடியது. 2000இல் மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ. இத்துறைக்கென்றே ஓர் இதழைத் தொடங்கியது. அவ்விதழின் முதல் பத்தாண்டுக் கட்டுரைகளை எண்ணி, யார் எழுதினர், எந்த நிறுவனங்கள் முன்னின்றன, யார் யாருடன் சேர்ந்து எழுதினர் என்று கண்ட ஆய்வுகள் 2010இல் அவ்விதழிலேயே வெளியாயின. இத்தகைய ஆய்வு தெளிவானது, சரிபார்க்கத்தக்கது. ஆனால் அது ஓர் இதழின் கணக்கேயன்றித் துறையின் கணக்கன்று.

இதழ்களை விட்டுச் சொற்களைக் கொண்டு தேடினாலும் தொல்லை தீர்வதில்லை. துறையின் பெயரை அப்படியே இட்டுத் தேடினால், அந்தப் பெயரைத் தலைப்பில் சூட்டிக்கொண்ட கட்டுரைகள் அகப்படும். நெரிசலான சாலையில் பஸ் வந்துசேரும் நேரத்தைக் கணிப்பது பற்றியோ, பலவகை வாகனங்கள் தடமின்றிக் கலந்து ஓடும் ஓட்டத்தை அளப்பது பற்றியோ எழுதியவர் அப்பெயரைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்த பஸ் வருகைக் கணிப்பு ஆய்வுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. வேலியை எங்கே நட்டோமோ அதற்கேற்ப முதலிடம் மாறும். குறியீட்டெண்ணுக்குக் கூடை எப்படியோ, இங்குத் தேடுசொல் அப்படி.

கணக்கில் வராத பயன்

இந்தியச் சாலைகளைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான குறை வேறொன்று. சிக்னல் ஒன்றின் சுற்று நேரத்தைக் கணக்கிடப் பொறியாளர்கள் பயன்படுத்தும் வாய்பாட்டை எப்.வி. வெப்ஸ்டர் 1958இல் தந்தார். ஒரு சுற்றில் வீணாகும் நொடிகளை ஒன்றரையால் பெருக்கி, ஐந்தைக் கூட்டி, அதனை ஒன்றிலிருந்து சந்திப்பின் நெரிசல் விகிதத்தைக் கழித்த எண்ணால் வகுக்க வேண்டும். வீணாகும் நேரம் 12 நொடி, நெரிசல் விகிதம் 0.7 என்றால், 23ஐ 0.3ஆல் வகுக்க, சுற்று நேரம் ஏறத்தாழ 77 நொடி. இந்த வாய்பாடு புகழ்பெற்ற இதழில் வந்ததன்று. பிரிட்டன் அரசின் சாலை ஆராய்ச்சிக்கூடம் வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கையில் வந்தது. இந்தியச் சாலைப் பேராயம் 1985இல் வெளியிட்ட சிக்னல் வழிகாட்டி விதிகளிலும் இடம்பெற்றது. அன்றிலிருந்து நம் நாட்டுச் சந்திப்புகளில் எத்தனையோ பொறியாளர்கள் இதனைப் பயன்படுத்தியிருப்பர். கட்டுரைகளில் வெப்ஸ்டர் பெயர் நிறையவே குறிப்பிடப்படுகிறது என்பது உண்மை. ஆனால் சந்திப்பில் நின்று கணக்கிட்ட பொறியாளர் யாரும் மேற்கோள் எழுதுவதில்லை. ஓர் ஆய்வு முழுமையாக வெற்றி பெற்று அன்றாட வழக்கில் கரைந்துவிட்டால் அதன் மேற்கோள் நின்றுபோகும் என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் எடுத்துக்காட்டினார்.

வாய்பாடு மட்டும் போதாது; அதில் இட வேண்டிய எண்களும் இந்நாட்டுக்கு உரியவையாக இருத்தல் வேண்டும். தடத்தைப் பின்பற்றி ஓடும் கார்களை மனத்தில் கொண்டு மேல்நாட்டில் வகுத்த அளவைகள் பாறசாலைச் சந்தையருகே பொருந்தா. அங்கே பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் இருசக்கர வாகனம் புகுந்து முன்னே வந்து நிற்கும். இதனால்தான் பலவகை வாகனங்களையும் கார் அளவுக்கு மாற்றிக் கணக்கிடும் முறை வந்தது. 1990இல் சாலைப் பேராயம் நகர்ச் சாலைகளுக்குத் தந்த அட்டவணைப்படி, போக்குவரத்தில் இருசக்கர வாகனம் 5 சதவீதமாக இருக்கையில் ஒவ்வொன்றும் அரைக் காருக்குச் சமம். 10 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பின் முக்கால் காருக்குச் சமம். 2017இல் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் பல கல்வி நிறுவனங்களுடன் சேர்ந்து, இந்தியச் சாலைகளில் நேரடியாக எடுத்த அளவுகளைக் கொண்டு நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டை வெளியிட்டது. பல ஆண்டு உழைப்பின் விளைவு அது. இதழ்க் கட்டுரைகளை மட்டும் எண்ணும் முறையில் இத்தகைய கையேடு ஒரு புத்தகம் என்ற அளவில்கூட வரவு பெறுவதில்லை.

எல்லை ஊர்களுக்கு அருகிலேயே இதற்கு இரு சான்றுகள் உள்ளன. திருவனந்தபுரத்தில் 1976இல் தொடங்கப்பெற்று, இன்று கேரள மாநில அறிவியல், தொழில்நுட்ப, சுற்றுச்சூழல் மன்றத்தின்கீழ் இயங்கும் தேசியப் போக்குவரத்துத் திட்டமிடல் ஆராய்ச்சி மையம் ஒன்று. நாட்பேக் என்ற சுருக்கப் பெயரால் அது அறியப்படுகிறது. வாகனங்களை எண்ணுவது, விபத்து மிகும் இடங்களை ஆராய்வது, சாலைப் பாதுகாப்புப் பயிற்சி தருவது என்பன அதன் பணிகள். இப்பணிகளின் முடிவு பெரும்பாலும் அரசுத் துறைக்கு அளிக்கும் அறிக்கையாக அமைகிறது. அறிக்கையைப் படித்து ஒரு வளைவு திருத்தப்பட்டால் பயன் உண்டு, மேற்கோள் இல்லை. அதே நகரிலுள்ள சி-டாக் நிறுவனம் மற்றொன்று. லண்டன், சிட்னி போன்ற நகரங்களில் வளர்ந்த தன்னியக்கச் சிக்னல் முறைகள் தட ஒழுங்கை அடிப்படையாகக் கொண்டவை. தடமின்றி ஓடும் இந்தியப் போக்குவரத்துக்கென்று கோசிகோஸ்ட் என்ற முறையை சி-டாக் உருவாக்கியது. அது இந்திய நகரங்கள் சிலவற்றில் பயனுக்கும் வந்தது. அதன் செல்வாக்கை அறியச் சந்திப்புகளில் நின்று வாகனங்கள் காத்திருக்கும் நேரத்தை அளக்க வேண்டுமேயன்றி, மேற்கோள் அட்டவணையைப் புரட்டிப் பயனில்லை.

அளவை திசையை மாற்றும்போது

அளப்பதில் குறை இருந்தால் அதனைத் திருத்திக் கொள்ளலாம். அளவையே ஆய்வின் திசையை மாற்றத் தொடங்கினால் இழப்பு பெரிது. பணக் கொள்கை பற்றி 1975இல் எழுதிய பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட், கட்டுப்பாட்டுக்காகக் கையில் எடுத்த எந்தப் புள்ளிவிவர ஒழுங்கும் அதன்பின் குலைந்துவிடும் என்ற கருத்தைச் சொன்னார். ஆராய்ச்சிக்கும் இது பொருந்தும்.

போக்குவரத்துக் கணிப்பில் இன்று உலகெங்கும் உள்ள மாணவர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் தரவுத் தொகுப்புகள் கலிபோர்னியாவைச் சேர்ந்தவை. லாஸ் ஏஞ்சல்ஸ் விரைவுச் சாலைகளில் பதித்த 207 உணர்கருவிகளின் பதிவு அவற்றுள் ஒன்று. தரவு இலவசம், சுத்தம் செய்யப்பட்டது, முன்னவர் பெற்ற விடையோடு தம் விடையை ஒப்பிட்டுக் காட்டலாம். ஆகவே கேரளத்தின் ஒரு பொறியியல் கல்லூரியில் பயிலும் மாணவர் கலிபோர்னியாவின் நெரிசலைச் சில வாரங்களில் ஆராய்ந்து, மேற்கோள் பெறும் கட்டுரை ஒன்றை எழுதிவிட முடியும். நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளை வரை பஸ்கள் எடுக்கும் நேரத்தை ஆராய விரும்பினால் நிலைமை வேறு. இரு மாநிலக் கழகங்களிடம் அனுமதி பெற வேண்டும். வாகனங்களை எண்ண ஆள் வேண்டும். மழை, திருவிழா, பள்ளி விடுமுறை எல்லாவற்றையும் பார்த்துப் பல மாதம் பதிவு செய்ய வேண்டும். இவ்வளவுக்குப் பின் வரும் கட்டுரையை "ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பற்றியது" என்று இதழாசிரியர் ஒதுக்கிவிடவும் கூடும். லாஸ் ஏஞ்சல்சும் ஒரு குறிப்பிட்ட இடமே என்பதை யாரும் சொல்வதில்லை. மாணவர் எந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய கணிப்பு முறை தேவையில்லை.

இத்தகைய இடைவெளியைக் காட்ட மேற்கோள் கணக்கையே பயன்படுத்தலாம் என்பதை நிறுவியவர்களுள் சென்னையைச் சேர்ந்த சுப்பையா அருணாச்சலம் முக்கியமானவர். காசநோய், நீரிழிவு ஆகியவற்றில் உலகச் சுமையில் இந்தியாவின் பங்கு எவ்வளவு, அந்நோய்களைப் பற்றிய உலக ஆய்வில் இந்தியாவின் பங்கு எவ்வளவு என்று அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒப்பிட்டு 2002இல் வெளியிட்டனர். யார் முதலிடம் என்ற கேள்வியை விட்டு, தேவை இருக்கும் இடத்தில் ஆய்வு இருக்கிறதா என்ற கேள்வியை அவர்கள் எழுப்பினர். சாலைக்கும் இதே அளவுகோல் தகும். 2021இல் உலகில் சாலை விபத்துகளில் 11.9 லட்சம் பேர் இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவ்வாண்டு இந்திய அரசின் கணக்கில் பதிவான சாவுகள் 1,53,972. அதாவது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. 2022இல் இது 1,68,491 ஆக உயர்ந்தது. தடமற்ற கலப்புப் போக்குவரத்தைப் பற்றிய ஆய்வு, உலகப் போக்குவரத்து ஆய்வில் எட்டில் ஒரு பங்கு இடமாவது பெற்றிருக்கிறதா என்பதே இந்தியா தன் ஆராய்ச்சியாளரிடமும் தன்னிடமும் கேட்க வேண்டிய கேள்வி.

விதிகளும் திருத்தங்களும்

இந்தியாவில் எண்களின் மேல் வைத்த நம்பிக்கை பலமுறை திருத்தப்பட்டுள்ளது. ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குப் புள்ளி முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொண்டுவந்தது. புள்ளிக்காகவே கட்டுரை வெளியிடும் தரமற்ற இதழ்கள் பெருகின. அவற்றைத் தடுக்க 2019இல் ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியல் வந்தது. 2025இல் அப்பட்டியல் கைவிடப்பட்டு, இதழின் தரத்தை மதிப்பிடும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமே விடப்பட்டது. முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் இதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2022ஆம் ஆண்டு விதிகளில் நீக்கப்பட்டது. மறுபுறம், 2016 முதல் வெளிவரும் தேசிய நிறுவனத் தரவரிசையில் பொறியியல் கல்லூரிகளுக்கான நூறு மதிப்பெண்ணில் முப்பது, ஆய்வையும் தொழில்முறைப் பணியையும் சார்ந்தது. கட்டுரை எண்ணிக்கையும் மேற்கோளும் அதில் பெரும் பங்கு பெறுகின்றன.

உலக அளவில், இதழின் தாக்க எண்ணைக் கொண்டு தனிமனிதரை மதிப்பிடலாகாது என்ற சான்பிரான்சிஸ்கோ அறிக்கை 2012இல் உருவானது. 2015இல் வெளியான லெய்டன் அறிக்கை பத்து நெறிகளை வகுத்தது. அவற்றுள் மூன்றாவது, குறிப்பிட்ட வட்டாரத்துக்குப் பொருந்தும் சிறந்த ஆய்வைக் காக்க வேண்டும் என்பது. மேற்கோள் அட்டவணைகள் ஆங்கில இதழ்களின்பால் சாய்ந்தவை என்பதே அந்நெறிக்குக் காரணம். பாறசாலை மக்கள் பேசும் இரு மொழிகளிலும் போக்குவரத்து ஆய்வு முடிவுகள் எழுதப்படுவது அரிது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம். எழுதினாலும் எண்ணப்படாது என்பது எழுதாமைக்கு ஒரு காரணமாகக்கூட இருக்கலாம்.

இவ்வளவையும் சொல்வதால் மேற்கோளை எண்ணுவதே வீண் என்று கொள்ளலாகாது. எண்ணில்லாத இடத்தில் பரிந்துரையும் பழக்கமும் புகுந்துவிடும். இளம் ஆராய்ச்சியாளருக்கு அது இன்னும் பெரிய தீங்கு. பின்னக் கணக்கும், ஒரே துறைக்குள் ஒரே ஆண்டுக் கட்டுரைகளை மட்டும் ஒப்பிடும் முறையும், தம் கட்டுரையைத் தாமே மேற்கோள் காட்டியதைக் கழித்துவிடும் வழக்கமும் சேர்ந்தால் எண்கள் ஓரளவு நேர்மையான சாட்சியாகும். அந்தச் சாட்சியோடு, துறை வல்லுநர் கட்டுரையைப் படித்துத் தரும் கருத்தும், ஆய்வு எந்த விதிநூலில் ஏறியது, எந்தச் சந்திப்பில் பயன்பட்டது, பயன்படுத்துமுன்னும் பின்னும் அளவு என்ன என்ற களப் பதிவும் ஒரே கோப்பில் இடம்பெற வேண்டும். நிதி வழங்கும் துறைகள் முதல் தாளை எப்போதும் கேட்கின்றன. களப் பதிவைக் கேட்பது குறைவு. கேட்காததைத் தயாரிக்க எந்த நிறுவனமும் முன்வராது.

எல்லைச் சாலையில் அத்தகைய களப் பதிவைத் தொடங்க இன்று புதிய கருவி ஏதும் வேண்டியதில்லை. பஸ்ஸில் பொருத்தும் இருப்பிடக் கருவி, அது எங்கே ஓடுகிறது என்பதைப் பதிவான மாநிலத்தின் கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்ப வல்லது. நாகர்கோவிலிலிருந்து வரும் தமிழ்நாட்டு பஸ்ஸின் தகவல் ஒரு தலைநகருக்கும், நெய்யாற்றின்கரைப் பணிமனையிலிருந்து புறப்படும் கேரள பஸ்ஸின் தகவல் மற்றொரு தலைநகருக்கும் உரியது. பாறசாலை நிறுத்தத்தில் நிற்பவர் எந்த மாநிலத்து பஸ் முதலில் வந்தாலும் ஏறிக்கொள்ளக் கூடியவர். இரு பதிவுகளையும் ஒன்றாக்கி, ஓராண்டுக்கு ஆராய்ச்சியாளருக்குத் திறந்து வைத்தால், லாஸ் ஏஞ்சல்சின் 207 உணர்கருவிகளைப் போலவே பிறர் எடுத்து ஒப்பிடத்தக்க தரவுத் தொகுப்பு ஒன்று இவ்வூர்களின் பெயரால் கிடைக்கும். அதனைத் தொகுத்து, பிழை நீக்கி, வெளியிடுவோருக்கு ஒரு கட்டுரைக்குரிய வரவையாவது மதிப்பீட்டுப் படிவத்தில் தர வேண்டியிருக்கும். தற்போதைய படிவங்கள் பலவற்றில் அதற்கென ஒரு கட்டமே இல்லை.